தலையில் மருந்து, வாயில் கதை

என் அக்கா பியூட்டி பார்லரில் முடிக்குக் கலர் போடுகிறவள். அங்கேயே கல்லாவில் நான். வேலையில் அவளைக் குறை சொல்லவே முடியாது. கதை எழுத உட்கார்ந்தால்தான் ஆள் கவிழ்ந்துவிடுவாள். அவள் எழுதும் கதையில் ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வாசலில் யாருடைய செருப்போ கிடக்கிறது. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. உள்ளேயிருந்து இவளுடைய குரலிலேயே யாரோ சிரிக்கிறார்கள். அதற்குமேல் அக்காவால் ஒரு வரி நகர்த்த முடியவில்லை. மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து பார்த்தாள். ஒரு வாரம் யாரோடும் பேசாமல்கூட இருந்தாள். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

“எழுதற மூடே வரலடி,” என்பாள்.

“அது என்ன பஸ்ஸா, நின்னுட்டே இருந்தா வர்றதுக்கு?” என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன வெள்ளிக்கிழமை எழுதிய தாளையெல்லாம் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டினாள். “இனிமே எழுதல. நீ சிரிச்சது போதும்,” என்றாள். கிண்டல் செய்வேனே தவிர, கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் பேங்கில் மேனேஜராக இருக்கும் அம்மா ஒருவர் பார்லருக்கு வந்தார். லைட் பிரவுன் வேண்டுமாம். முடியை வெளுக்க வைக்கும் மருந்தைத் தடவினால் அசையாமல் உட்கார வேண்டும். அவரோ தவளையைத் தராசில் வைத்த கதைதான். எழுந்தார், போன் பேசினார், தலையைத் தொடப் போனார். வேறு வழி தெரியாமல் அக்கா அந்தச் செருப்புக் கதையை எடுத்துவிட்டாள்.

“அப்புறம்?” என்றார் மேனேஜர் அம்மா, அப்படியே உட்கார்ந்து.

அப்புறம் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் அக்கா வாயைத் திறந்தாள், வந்துவிட்டது. சாவி பொருந்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “நீங்க யாரு, புதுசா இருக்கீங்க?” என்றார். பெண்ணின் சொந்த நாயே அவளைப் பார்த்துக் குரைத்தது. அம்மா “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்கக் கேட்க, அக்கா கன்னம் சிவந்து சீப்பை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயத்தில் உள்ளங்காலும் கூசியது. என் அக்காவா இவள் என்று பூரித்துப்போனேன். மருந்தைக் கழுவ நேரம் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்தான். கடிகாரம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

கழுவிப் பார்த்தால், தலை கேரட் நிறம்.

முதலாளியம்மா ஓடிவந்தார். அக்கா துண்டை எடுத்து அந்தத் தலையை மூடப் பார்த்தாள். மேனேஜர் அம்மா கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“முடி கெடக்கட்டும். உள்ள இருந்தது யாரு?”

“தெரியல மேடம். இன்னும் எழுதல.”

“அப்ப எழுதி முடிச்சிட்டுக் கூப்பிடு. அன்னைக்கு வந்து கலரை மாத்திக்கறேன். அதுவரைக்கும் இந்தத் தலையோடதான் பேங்குக்குப் போவேன். யாராவது சிரிச்சா உன் பேரைச் சொல்றேன்.”

அக்கா விலைப்பட்டியலைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. காத்திருந்த அடுத்தவருக்குப் புருவம் திருத்த நானே எழுந்து போனேன். எனக்கு அந்த வேலை தெரியாது.