ரத்தத்தில் ஒன்றும் இல்லை

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். தல்லாகுளத்துப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். அங்கே நடப்பதெல்லாம் பரிசோதனை செய்யும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விடுவார்கள். அதன்மேல் அங்கேயே செய்த டிஎன்ஏ துண்டுகளைச் சொட்டுச் சொட்டாகப் போடுவார்கள். கிருமிதான் வந்துவிட்டது என்று ஏமாந்து அணுக்கள் விழித்துக்கொண்டால், மறுநாள் சோதனையில் குழி மஞ்சளாகும். நன்றாக எழுப்புகிற துண்டு என்றைக்காவது புற்றுநோய்க்கு மருந்தாகலாமாம்.

என் வீட்டுக்காரருக்கு ஈரலில் புற்று. அந்த 'என்றைக்காவது' மட்டும் என் காதில் ஏறவே இல்லை.

நோயாளிகளின் ரத்தமும் வேண்டும் என்றபோது அவரைக் கூட்டிப்போனேன்.

"இது மனுசருக்குப் போடுற மருந்தில்லக்கா. தட்டுல பாக்குறதோட சரி. நம்பிக்கை வச்சிராதீங்க" என்று அந்தப் பெண் முதலிலேயே சொன்னாள்.

அவர் சட்டைக் கையை மடித்தார். "எழுமலை ஊர்க்காரன் ரத்தம் தாயி. அது தூங்குனாத்தான எழுப்புறதுக்கு?" சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

அன்று முழுக்க எனக்குப் பதற்றம். குழாய் மாறிவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, ஊசி குத்திய இடம் வீங்கிவிடுமோ.

மறுநாள் தட்டோடு வெளியே வந்தவளை வாசலிலேயே மறித்தேன். "என்னாச்சு பாப்பா?"

"ஒண்ணும் இல்லக்கா."

இந்த வார்த்தைக்காக எத்தனை ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்திருப்போம்! ஒருவரும் சொன்னதில்லை. உடனே அவருக்குப் போன் போட்டேன். "ஏங்க, ஒண்ணும் இல்லையாம்!"

போனை வைத்ததும் அந்தப் பெண் என் தோளைத் தொட்டாள். "அக்கா, நான் சொன்னது அது இல்ல. அண்ணனோட அணு எதுக்குமே முழிக்கலக்கா. எல்லாத் துண்டும் போட்டுப் பாத்துட்டேன்."

தட்டைக் காட்டினாள். மற்றவர்களின் குழிகள் மஞ்சள். அவருடைய வரிசை வெறும் தண்ணீராகக் கிடந்தது.

விளாங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டாப்பிலேயே நிற்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. துணையில்லாமல் அவர் வாசலைத் தாண்டியே வெகுநாளாகியிருந்தது.

"இம்புட்டு நாளா சும்மா பயமுறுத்தியிருக்கானுக புள்ள. வா, சூப்புக் குடிப்போம்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சூப்புக் கடைக்காரரிடம் போய்விட்டார். "அண்ணே, ரெண்டு ஆட்டுக்கால் சூப்பு, மிளகு தூக்கலா. நமக்கு ஒண்ணும் இல்லையாம்ண்ணே!"

கடைக்காரர் அவர் கண்களைப் பார்த்தார். மஞ்சளேறிய கண்கள். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

"சூடா இருக்கு. ஆறட்டும்" என்றார்.

ஆறி, மேலே கொழுப்பு உறையத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.