வேட்பாளரின் சிவப்பு மருந்து

கொட்டாஞ்சேனை மருந்துச்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக மருந்து கலந்து கொடுப்பவர் வின்சன்ற். வெறும் போத்தலோடு வருகிறவர்களுக்கு மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினாக் கலவையை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய கடதாசியைப் போத்தலில் ஒட்டிக் கொடுப்பார். 1936 தேர்தல் வரும்வரை அவர் பேச்சை யாரும் தட்டியதில்லை.

அந்தப் பேரைக் கெடுத்தவர் வேட்பாளர் சவுந்தரநாயகம். அந்தக் காலத்தில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப் பெட்டி; அவருக்குக் கிடைத்த நிறம் சிவப்பு. உடனே மைத்துனன் காய்ச்சும் 'சர்வரோக சஞ்சீவி'யைச் சிவப்பாக்கிப் போத்தலில் அடைத்து, தன் படத்தையும் ஒட்டி, வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார். மனிதர் வாயைத் திறந்தால் பிதற்றல்தான். "கொட்டாஞ்சேனைக்கு ஒரு துறைமுகம் கொண்டுவருவன்!" என்று மேடையில் முழங்கியபோது, பக்கத்துத் துறைமுகத்தில் கப்பல் ஊதிற்று. "நுளம்பாலை காய்ச்சல் வருதெண்டது வெள்ளைக்காரன் கட்டின கதை!" என்றவர், அதே மூச்சில் கன்னத்தில் இருந்த நுளம்பை அடித்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துவிட்டு ஆளுக்கொரு போத்தல் வாங்கிக்கொண்டு போனது. அதுதான் வின்சன்றுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் போத்தல் அவர் வீட்டுக்குள்ளும் வந்தது. அவிசாவளையில் அக்கா வீட்டுக்குப் போய்வந்த மனைவி நேசம் மலேரியாவில் விழுந்திருந்தாள்.

"கொயினா குடிச்சால் காது இரையுது. எனக்கு இது போதும்."

"சீனித் தண்ணியடி அது!"

"பெரிய மனுசன் பொய் சொல்லுவாரோ?"

"அப்ப நான் சொல்லுவனோ?"

நேசம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மூன்றாம் நாள் குளிர் நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. வின்சன்ற் பயந்துபோனார். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவன் பெண்டாட்டியைச் சாகக் கொடுப்பதா? சஞ்சீவியைக் கழிவுநீர்க் கானில் ஊற்றினார். கொயினாவில் சிவப்புச் சாயம் கலந்து அதே போத்தலை நிரப்பினார்.

"இது கைக்குதே. காதும் இரையுது."

"புதுசாக் காய்ச்சினது. வேலை செய்யுது," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு கிழமையில் நேசம் எழுந்து நடந்தாள். நடந்து எங்கே போனாள்? நேரே சவுந்தரநாயகத்தின் கூட்டத்துக்கு! மேடை ஏறி, "என்னைக் காப்பாத்தினது ஐயாவின்ரை மருந்துதான். டிஸ்பென்சர் வேலை பாக்கிற என்ரை மனுசனே அதைக் கையாலை பருக்கினவர்," என்றாள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. வின்சன்றுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் மருந்துச்சாலை வரிசை பாதியாகிவிட்டது. அடுத்த தெருக் கனகேஸ்வரி வந்தாள். தோளில் நான்கு வயது மகள் நெருப்பாய்க் கொதித்தாள். கையில் வேட்பாளர் சிரிக்கும் வெறும் போத்தல்.

"டிஸ்பென்சர் ஐயா, நேசம் அக்கா குடிச்ச மருந்து மிச்சம் இருக்கோ? வேட்பாளற்றை ஆக்களிட்டை முடிஞ்சுதாம்."

"கொயினா தாறன். அதைக் குடும்."

"வேண்டாம் ஐயா. உங்கடை வீட்டிலையே அதைக் குடுக்கேல்லையே."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தார் வின்சன்ற். சொன்னால் நம்பமாட்டாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருக்கு. போத்தலைத் தாரும்," என்றார்.

உள்ளே போய்க் கொயினாவை ஊற்றிச் சாயம் கலந்தார். அளவுக் கடதாசி ஒட்ட இடமில்லை. போத்தல் முழுக்கச் சவுந்தரநாயகத்தின் முகம். அந்தச் சிரிப்பின் மேலேயே பசையைத் தடவி ஒட்டினார்.

"வேளைக்கு ஒரு பல். தவறாமல் குடும்."

கனகேஸ்வரி போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பிள்ளை சுகப்பட்டால், எங்கடை வீட்டிலை நாலு வோட்டும் சிவப்புக்குத்தான் ஐயா."

வின்சன்ற் கையில் ஒட்டிய பசையைத் துடைத்தார். அடுத்து நின்றவரும் சிவப்புப் போத்தலைத்தான் நீட்டினார்.