மேடு ஏறாத கரண்ட் பஸ்

காற்றை யார் உண்டாக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சுத்தம் செய்தது என் மாமா. அம்மாவின் தம்பி, ஸ்கூல் பஸ் டிரைவர். சந்தேகம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம்.

அவருடைய பழைய டீசல் பஸ் கிளம்பினால் பின்சீட்டுப் பிள்ளைகள் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருமுவார்கள். அதிலும் மேட்டுக் குடியிருப்பில் ஏறும் குட்டி என்கிற சின்னப் பெண்ணுக்கு மூச்சு இழுப்பு வேறு. அவளுக்காகத்தான் மாமா ஒரு வருடம் ஸ்கூல் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தார். அவரைக் கண்டாலே மேனேஜர் அணைந்த போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

கடைசியில் கரண்ட் பஸ் வந்தது. புகை இல்லை, நாற்றம் இல்லை. மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஓட்டினார். முதல் வாரமே மேடு ஏறித் திரும்பும்போது சார்ஜ் தீர்ந்து, பிள்ளைகளோடு நடுரோட்டில் படுத்துவிட்டது.

"இனிமே மேட்டுக்குப் போக வேண்டாம். கீழேயே நின்னு ஏத்திக்கோங்க" என்றார் மேனேஜர்.

"அந்தப் பிள்ளைக்காகத்தான் சார் இந்த பஸ்ஸையே கேட்டேன். நடந்தா அதுக்கு இழுக்கும் சார்."

"ஒருத்திக்காக மொத்தப் பிள்ளைங்களையும் ரோட்டுல நிறுத்தவா?"

மேனேஜர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் வம்பு.

அன்றிலிருந்து மாமா சாப்பாட்டுத் தட்டோடுதான் பேசினார்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்க்கா. புகையோ கரியோ, வாசல்ல போய் ஏத்தினேன்."

"நல்லதுதானேடா நினைச்ச" என்றாள் அம்மா.

"நினைச்சது நான். நடக்கறது அவ."

"இப்ப பஸ்ஸுக்கே இழுப்பு வந்துடுச்சு மாமா" என்றேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து குட்டி இழுப்பில்லாமல் கீழ் ஸ்டாப்பில் நின்றாள். மாமாவுக்கு ஆச்சரியம்.

"மருந்தை மாத்தியிருப்பாங்க" என்றேன்.

நேற்றுக் காலை அவளை என் சைக்கிள் கேரியரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். டீசல் பஸ்ஸாக இருந்தால் ரெண்டு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேட்டு ஓடியிருப்பேன். இந்தச் சனியன் பூனை மாதிரி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"வெயில் மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் தூங்கற துரை இங்க என்ன பண்றாரு?"

"சும்மா, காத்து வாங்க வந்தேன் மாமா."

"பொய், டிரைவர் மாமா! அண்ணாதான் தினமும் கூட்டிட்டு வர்றாங்க. சாயங்காலம் என்னை சைக்கிள்ல உக்கார வெச்சு மேட்டுல தள்ளிட்டும் போறாங்க" என்று குட்டி போட்டுக்கொடுத்தாள்.

மாமா சிரிக்கவில்லை. என் சைக்கிளையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மழை வந்தா என்னடா பண்ணுவ?"

வாய்க்கு வாய் பதில் சொல்கிறவன் நான். செயினைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.