நாடாத் தடத்தில் ஒரு பொருக்கு

என் மனைவி வசந்தாவுக்கு முதலில் வந்தது தலைவலிதான். காட்டில் பருத்தி எடுத்துவிட்டு வந்தவள், தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சோறு வடித்தாள். மார்கழிப் பனி இறங்கியிருக்கும் என்று இருவருமே நினைத்தோம். மறுநாள் குளிர்காய்ச்சல் வந்தது. வேப்பந்தட்டைக்குப் பைக்கில் கூட்டிப்போய் ஊசி போட்டு வந்தோம். ஊசிக்குப் பிறகு ஒரு பொழுது விடும், மறுபடி ஏறும்.

அங்கே உடம்பில் புண் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை தந்தார்கள். அதை விழுங்கிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலையில், செத்துப்போன அவள் அண்ணன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். மூச்சும் வாங்கியது. ஆம்புலன்ஸ் வைத்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன். தா.பழூரில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்கு வழியிலேயே போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் (காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பவை) மிகவும் குறைந்திருந்தன. ஈரலிலும் வீக்கம் இருந்தது. டாக்டர் சின்ன வயதுக்காரர். என்ன காய்ச்சல் என்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும் என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அவங்க உடம்புல எங்கயாச்சும் கருப்பா பொருக்கு தட்டியிருக்குதாங்க? பீடியால சுட்ட மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது.”

அவள் உடம்பைப் பற்றி இன்னோர் ஆண் கேட்டு நான் பதில் சொன்னதே இல்லை. பதிலும் எனக்குத் தெரியாது.

அவர் நர்ஸைப் பார்க்கச் சொன்னார். கழுத்து, அக்குள், காதுக்குப் பின்பக்கம் வரை வசந்தா பார்க்க விட்டாள். சேலைக் கொசுவத்தில் கை வைத்ததும் எட்டி உதைத்தாள். சுயநினைவு இல்லாத நிலையிலும் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, என்னய விட மாட்டேங்கிறாங்க. நீங்களே பாருங்க” என்றார் நர்ஸ்.

மகள் பஸ் ஏறிவிட்டாள், வந்ததும் பார்ப்பாள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

“பொண்ணு வர்ற வரைக்கும் காய்ச்சல் காத்துக்கிட்டு இருக்காதுங்க. பொருக்கு கெடச்சா மருந்த இப்பவே ஏத்திடலாம். மூச்சு இன்னும் மோசமாச்சுன்னா ரொம்பச் சிரமம்” என்றார்.

அது பெண்கள் வார்டு. கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள். பக்கத்துக் கட்டிலில் தங்கைக்குத் துணையிருந்த கீழப்பழுவூர் அம்மா ஒருவர், பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து நர்ஸிடம் ஒரு முனையைக் கொடுத்து மறைப்பாகப் பிடித்தார். என் முகத்தைப் பார்த்தவர் சும்மா இருக்கவில்லை.

“பொண்டாட்டி இடுப்பப் பாக்கவே இப்புடி வேர்க்குதே, எப்புடிப்பா ஒரு பொண்ணப் பெத்த?”

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வசந்தா காதருகே குனிந்து, நான்தான் என்று சொன்னேன். பிடி தளர்ந்தது.

பாவாடை நாடாவை அவிழ்த்தேன். சின்ன வயதிலிருந்து கட்டிக் கட்டி அவள் இடுப்பைச் சுற்றித் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் எதுவும் தனியாகத் தெரியவில்லை. விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். இடது பக்கம், விலாவுக்குக் கீழே, சின்னதாக ஒன்று சொரசொரவென்று தட்டியது. மிளகை விடக் கொஞ்சம் பெரிது. சுற்றிலும் லேசான சிவப்பு.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதேதான்” என்றார். எஸ்கார் (பூச்சி கடித்த இடத்தில் தோல் கருகி உண்டாகும் பொருக்கு) என்று அதற்குப் பெயர். வந்திருப்பது ஸ்கரப் டைபஸ் (உண்ணிக் காய்ச்சல்). உடனே டாக்ஸிசைக்ளின் (இந்தக் கிருமியை அடக்கும் மருந்து) ஏற்றத் தொடங்கினார்கள். மூச்சுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

எங்கள் ஆட்டு மேல் இருக்கும் உண்ணியா என்று கேட்டேன். அந்த உண்ணி கடித்தும் ஒரு வகைக் காய்ச்சல் வரும், ஆனால் இது அதைவிட மிகச் சிறிய வேறொரு பூச்சியின் குஞ்சு, புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். பருத்தி எடுக்கிறவர்கள் சேலையை மடியாகக் கட்டி அதில்தான் போடுவார்கள். அந்தக் குஞ்சு செடியிலிருந்தோ வரப்புப் புல்லிலிருந்தோ ஏறி, நாடா இறுக்கிய இடத்தில் போய்த் தங்கியிருக்கிறது.

மகள் வந்து சேர்ந்தபோது பாட்டிலில் பாதி மருந்து இறங்கியிருந்தது. அன்று முழுக்க வசந்தாவின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அடுத்த நாளும் விடவில்லை. அதற்கு மறுநாள் விடியலில் அவள் கழுத்து வேர்த்திருந்தது. தொட்டேன், குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, ஆட்டுக்குத் தழை போட்டீங்களா என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

பிறகொரு நாள் மகள் அவளைக் கோபித்துக்கொண்டாள். புண் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டார்களே, ஏன் சொல்லவில்லை என்று. வசந்தாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“நாடா அறுத்திருக்குன்னு எண்ணெயத் தடவிவுட்டேன். அதப் போயி யாராச்சும் புண்ணுன்னு சொல்லுவாங்களாடி?”

காட்டு வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மழைக்கும் பனிக்கும் வரும் காய்ச்சல் தலைவலியோடு நாலைந்து நாளுக்கு மேல் விடாமல் நின்றால், உடம்பு முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, நாடாவும் அரைஞாண் கயிறும் படும் இடம். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லையாம். அது இல்லையென்றாலும் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நேரத்தோடு கொடுத்தால் மருந்து கேட்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. குடத்தைத் தூக்கினால் கால் நடுங்கியது. இடது காது மந்தமாகிவிட்டது, நாளாக நாளாகத் தெளியும் என்றிருக்கிறார்கள். மெதுவாகவே பேசிப் பழகிய நான் இப்போது உரக்கப் பேச வேண்டியிருக்கிறது. முன்பு எங்களுக்கு நாள் என்பது எத்தனை பாத்தி முடிந்தது என்பதுதான். இப்போது அவள் திடமாக நடந்தால் அது நல்ல நாள், உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

காட்டிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். தொடக்கத்தில் நான் சடுதியில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவள்தான் நிறுத்தி, லைட்டைப் போடச் சொன்னாள்.

போன வாரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் விரல் தோள்பட்டைக்குக் கீழே நின்றது.

“இது என்னங்க, தழும்பு?”

கல்யாணத்துக்கு முன்பு கல் குவாரியில் வேலை செய்தபோது பட்டது என்றேன்.

“நம்ம பொண்ணுக்கே கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கு இது தெரியவே தெரியாதே” என்றாள். “எப்படிப் பட்டுச்சு, சொல்லுங்க.”

அவள் நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, உரக்கவே சொல்லத் தொடங்கினேன்.