துவக்கெண்ணெய்

தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். ஊசித் தண்டின் மேல் ஒரு சொட்டு, அவ்வளவுதான். மணம் எழும்பியது. எழும்பி, ஊரை விட்டு வந்து மல்வேர்னில் நாங்கள் இருந்த அந்த வாடகை வீட்டுச் சமையலறைக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யன்னலுக்கு வெளியே பனி. மேசையில் சோறு. சோற்றுக்குள் என் கணவரின் வலது கை.

அவர் காசு வண்டியில் வேலை பார்த்தார். வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் ஏற்றி இறக்குகிற இரும்பு வண்டி. இடுப்பில் கைத்துவக்குக் கட்டாமல் அந்த வேலைக்குப் போக முடியாது. கட்டிக்கொண்டு திரிய லைசென்ஸ் வேண்டும். இந்த நாட்டில் சாதாரண ஆட்களுக்கு அது கிடைக்காது. அவருக்குக் கிடைத்தது. வகுப்புக்குப் போனார், குறி பார்த்துச் சுட்டுக் காட்டினார், தெரிந்தவர்களிடம் நற்சான்று வாங்கினார். கடைசியில் பொலிஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். உங்கள் கணவர் துவக்கு வைத்திருப்பதில் உங்களுக்கு ஏதும் பயம் உண்டா?

இல்லை என்றேன். ஏனென்றால் அதற்கு முதல்நாள் அவர் எனக்கு வாக்குத் தந்திருந்தார்.

"இந்த லைசென்ஸ் முடியுமட்டும்தான். அதுக்குள்ள வேற வேலை எடுத்திடுவன். திரும்பப் புதுப்பிக்கமாட்டன். பிள்ளையாணை."

நான் வாக்குக் கேட்டதற்குக் காரணம் என் தம்பி. ஊரில் அவனைத் தேடி வந்தவன் முதலில் தண்ணீர் கேட்டான். அம்மா செம்பில் கொடுத்தாள். குடித்தான். "ஒருக்கா வந்திட்டுப் போகட்டும் அம்மா" என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு போனான். பின்னேரம் தம்பியை எங்கள் தெருவின் ஒழுங்கை முடக்கிலிருந்து தூக்கி வந்தார்கள். செத்தவீடு முடிந்தும் அந்தச் செம்பில் துவக்கெண்ணெய் மணம். அம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மணம் தெரியும்.

கணவரின் துவக்கு எங்கள் வீட்டுக்கு வந்ததேயில்லை. வேலை முடிய டிப்போவில் துடைத்துப் பூட்டிவைக்க வேண்டும். மணம் மட்டும் அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி வரும்.

மகளுக்கு அப்போது நாலு வயது. அப்பா குழைத்துத் தீத்தினால்தான் சாப்பிடுவாள். ஒருநாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆ காட்டு குஞ்சு."

"நோ. அப்பான்ர கை மணக்குது."

அவர் எழும்பிப் போய் சோப் போட்டார். தேசிக்காய் தேய்த்தார். திரும்பி வந்து விரல்களை அவளுடைய மூக்கருகே நீட்டினார். அவள் பூனைக்குட்டி மாதிரி முகர்ந்தாள்.

"ஸ்ரில் மணக்குது."

"உவளைப் பொலிசில சேர்க்கலாமப்பா!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கரண்டி எடுத்தார். அவளுடைய பால்பற்களில் கரண்டி பட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு எப்போதும் கரண்டிதான்.

லைசென்ஸ் முடிகிற காலம் நெருங்கியது. நான் வாய் திறக்கவில்லை. நல்ல நாளுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, அஜின்கோர்ட்டுக்குச் சாமான் வாங்கப் போவோம் என்றார். போனோம். மரக்கறிக் கடையைத் தாண்டி, பக்கத்தில் இருந்த ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தார்.

"பாஸ்போட்டுக்கோ அண்ணை?" என்று கேட்டார் படம் எடுப்பவர்.

"இல்லை. துவக்கு லைசென்ஸ் புதுப்பிக்க."

"ஐயோ அண்ணை, அப்ப உங்களிட்டைக் காசே வாங்கமாட்டன்!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் மகளின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தனியே இருக்கும்போது எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே கூட்டி வந்தார். வெளிச்சம் அடித்தது. படத்துக்குச் சிரிக்கக் கூடாதாம். அவர் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "பிள்ளையாணை எண்டு சொன்னனீங்கள்."

அவர் யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை.

"இஞ்சேரும், ஊரில எத்தினை தரம் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனான். எத்தினை பேரின்ர துவக்குக்கு முன்னால. இப்ப துவக்குக்குப் பின்னால நிக்கிறன். நித்திரை வருது. கனவு இல்லாமல் வருது. உமக்கு விளங்குதோ?"

"விளங்குது. எனக்கு நித்திரை வருகுதில்லையே அப்பா."

அவர் என் கையைப் பிடித்தார். விட்டார். மகள் எங்கள் நடுவில் தூங்கிப்போயிருந்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! ஒரே கட்டில், ஒரே போர்வை. அதற்குள் ஒருவரின் நித்திரை மற்றவரின் நித்திரையைத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பவும் ரெலிபோன் வந்தது. திரும்பவும் அதே கேள்வி. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவினார். கழுவிய கோப்பையையே கழுவினார். பயம் உண்டு என்று நான் சொன்னால் லைசென்ஸ் நின்றுவிடும். வேலை போகும். அந்த நித்திரை போகும். அவர் மறுபடி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், கனவில்.

"நோ மேடம்," என்றேன். "ஹீ இஸ் எ குட் மான்."

ரிசீவரை வைத்தேன். அவர் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நன்றி. எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவம்.

"நானும் பிள்ளையும் அக்கா வீட்டை போறம் அப்பா," என்றேன். "ரெக்ஸ்டேலுக்கு. அங்கயே இருப்பம்."

குழாயை அவர் மூடவில்லை.

ஞாயிறு காலை அத்தான் வான் கொண்டு வந்தார். பெட்டிகளை ஏற்றினோம். கணவர் குளியலறைக்குள் நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் மகளைச் சீற்றில் இருத்திப் பெல்ட் போட்டு முடிக்கிறபோது வந்தார். கோட் இல்லை, கையுறை இல்லை. அந்தக் குளிரில் ஈரக் கையிலிருந்து ஆவி பறந்தது. குனிந்து, வான் கதவுக்குள்ளால் கையை அவளுடைய முகத்துக்கருகே கொண்டுபோனார். தொடவில்லை.

"கழுவிப்போட்டன் குஞ்சு. மணந்து பார்."