பந்துக்குப் பின்னால் ஓடாதவர்கள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற நகர்ப்பகுதியில் அக்கா வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விடுவாள். மதியம் அத்தானும் அவருடைய நண்பர்கள் இருவரும் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கக் குந்துவார்கள். தேநீரும் கட்லட்டும் என் பொறுப்பு. யார் அப்படித் தீர்மானித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குசினி வாசலில் நின்று பார்த்தே ஆட்டம் பழகிவிட்டேன். அவர்கள் பந்து எறிகிறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும் வாய் பிளப்பார்கள். எனக்குப் பிடித்தது மறிக்கிற பக்கம். நடுவில் இரண்டு மலைமாடுகள் நிற்பார்கள். அவர்களில் ஒருவனைத் தள்ள எதிரணியில் இரண்டு பேர் வேண்டும். அந்த நடு ஆட்களின் பெயரை எவனும் சொல்லமாட்டான். ஆனால் அவர்கள் அசையாமல் நின்றால்தான் பின்னால் நிற்பவன் ஓடிவந்து பந்தோடு வருகிறவனை மடக்கலாம். கிளித்தட்டு விளையாடிய எவளுக்கும் இது விளங்கும். கோட்டில் நிற்பவள் ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கத்தால் ஒருத்தி போய்விடுவாள்.

ஒரு ஞாயிறு துணிந்து சோபாவில் போய் இருந்தேன். இருந்ததோடு நிற்காமல் கதைக்கவும் தொடங்கினேன். கடைசி நிமிடம். எங்கள் அணி மூன்று புள்ளி முன்னால். எதிரணிக்கு எங்கள் எல்லைக்கோட்டுக்கு இரண்டு யார் தூரமும் ஒரேயொரு முயற்சியும் மிச்சம். எங்கள் ஆட்கள் மறித்துவிடுவார்கள் என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். அத்தானுக்கு முகம் கறுத்தது.

"பிழைச்சால், மச்சாள், இனி மட்ச் நேரம் குசினிதான்."

நான் பதில் சொல்லவில்லை. பயமாகத்தான் இருந்தது. அவர் ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்கு வந்தவள் நான், இருந்தது அவருடைய சோபாவில்.

எதிரணி பந்தை நடுவால் ஓடுகிறவனிடம் கொடுப்பதுபோல் காட்டியது. எங்கள் ஆட்களில் பத்துப் பேர் தங்கள் இடத்தை விடவில்லை. ஓரத்தில் நின்றவன் மட்டும், தானே மடக்கிப் பெயர் வாங்கும் ஆசையில் உள்ளே பாய்ந்தான். பந்து எறிகிறவன் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவன் விட்ட வெளியால் நடந்தே போனான். டச்டவுன், ஆறு புள்ளி. தோற்றுவிட்டோம்.

அத்தான் என்னைப் பார்த்துத் தேத்தண்ணி போடச் சொன்னார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த ஓரத்து மடையன் விட்ட பிழைக்கு நான் ஏன் எழும்பவேண்டும்?

"பிழைச்சால் குசினி எண்டு சொன்னது நீங்கள், அத்தான். நான் ஓம் எண்டு சொல்லேல்லை. இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்காமலே போட்டன். இனிப் போடமாட்டன்."

நண்பர்கள் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் எழும்பிக் குசினிக்குப் போனார். அலுமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒன்பது வருடமாக அவர் இருக்கும் வீடு அது. சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

இடத்தைச் சொன்னேன். எனக்குச் சீனி வேண்டாம் என்றும் சொன்னேன்.