நான் கழற்றிப் போட்ட லண்டன் குரல்

மொன்றியலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. லண்டனிலிருந்து கொண்டு வந்தவற்றில், இந்த ஊர்க் குளிருக்கு உதவாத கோட்டு முதல் மாதமே போய்விட்டது. ஆங்கில உச்சரிப்பு மட்டும் போகவில்லை. போகவிடவில்லை என்பதே சரி. அதை வைத்துத்தான் இங்கே மதிப்பாக உலாவிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில். கல்யாணம் கட்டி மனைவியின் ஊரான இங்கே வந்தபோது, அவள் பக்கத்து உறவினர்கள் நான் வாயைத் திறந்தாலே, "அந்த இங்கிலிசைக் கேளுங்கோ" என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடிப்பார்கள். இப்படி ரசிகர்கள் கிடைத்தால் யார்தான் அடக்கமாக இருப்பார்? ஈஸ்ட்ஹாமில் மீன் வாங்கிய என் சாதாரண ஆங்கிலத்துக்கு முதலில் ஒரு கழுத்துப்பட்டி கட்டினேன். பிறகு கோட்டுப் போட்டுவிட்டேன். மூன்றாம் வருடம் அது தானாகவே செய்தி வாசிக்கத் தொடங்கிவிட்டது. அதன் பலன், சொந்தக்காரர் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிக்கும் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் 'எங்கட லண்டன்காரர்' என்ற பட்டம் உண்டு. அந்தப் பட்டத்துக்காக எத்தனையோ சனிக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன்.

மைக் இல்லாத நேரங்களில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. லண்டன் கடைகளில் நன்றிக்குப் பதிலாக 'சியர்ஸ்' சொல்லிப் பழகிய வாய் இது. இங்கே முதல் வாரம் அப்படிச் சொன்னபோது, கடைக்காரர் நான் குடிக்கக் கூப்பிடுவதாக நினைத்துச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். காலை ஒன்பது மணி. அன்றிலிருந்து பிரெஞ்சில் 'மெர்ஸி'. மூலைக்கடை 'டெப்பனர்' ஆகி, பிறகு வெறும் 'டெப்' ஆனது. 'ஃபிளாட்' என்ற சொல் செத்துப்போய், இரண்டு படுக்கையறை வீட்டை ஊராரைப் போல நானும் 'நாலரை' என்றேன். அந்த அரை குளியலறைதான் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

ஒருநாள் மகளிடம் ஆங்கிலத்தில், லைட்டை 'குளோஸ்' பண்ணச் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்த ஊர் ஆங்கிலத்துக்குள் நுழைந்த பழக்கம் அது. லண்டனில் சொன்னால் சிரிப்பார்கள். மகள் ஒரு கேள்வியும் கேட்காமல் லைட்டை நூர்த்துவிட்டுப் போனாள். நான்தான் இருட்டில் நின்று, என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

போன தை மாதம் மனைவியின் சித்தப்பா தொலைபேசி எடுத்தார். தன் மகளுக்குக் கல்யாணம் என்றார்.

"தம்பி, மாப்பிள்ளை பகுதி முழுக்க லண்டன் ஆக்கள். ஈஸ்ட்ஹாம் பக்கமாம். இங்கிலிஸ் அறிவிப்பு நீங்கள்தான். எங்கட மானத்தைக் காப்பாத்திப்போடுங்கோ."

முலாம் பூசின சங்கிலியை நகைக்கடைக்காரரிடமே கொண்டுபோய்க் காட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நாலு மேசை அசல் லண்டன்காரர் முன்னால் நான் வாயைத் திறந்தால், பதினோரு வருடப் பட்டம் இரண்டு நிமிடத்தில் போய்விடும். அதுவும் மனைவியின் முழுக் குடும்பத்துக்கும் முன்னால்.

லொங்குய்யில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போகும்போது காருக்குள்ளேயே பயிற்சி எடுத்தேன். வீட்டிலும் தொடர்ந்தேன். மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன, அரண்மனையில வேலை கிடைச்சிட்டுதோ?"

"என்ரை பழைய குரலைத் தேடிப் பிடிக்கிறன்."

"உது உங்கட பழைய குரல் இல்லை. அந்த நாளையில போனில உப்பிடிக் கதைச்சிருந்தா, அப்பவே போனை வைச்சிருப்பன்."

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

கல்யாண மண்டபம் அஹுன்ட்சிக்கில். மண்டபத்தின் கார் தரிப்பிடம் நிரம்பிவிட்டதால், லண்டன் விருந்தாளிகள் வாடகைக் கார்களைத் தெருவோரத்தில் விட்டிருந்தார்கள். பின்னேரம் ஆறரைக்கு மைக்கைப் பிடித்தேன். நெஞ்சை நிமிர்த்தி, எழுதிக்கொண்டு வந்த ஆங்கில அறிவிப்பின் முதல் பக்கத்தை வாசித்தேன். லண்டன் மேசைகளில் அசைவில்லை. முன்னால் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"உந்தத் தம்பி ஒஸ்ரேலியாவோ?"

ஒரு இளைஞன் முகத்தை நாப்கினுக்குள் புதைத்துக்கொண்டான். சித்தப்பா மட்டும் மேடையோரம் நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இன்னும் மூன்று பக்கம் இருந்தது.

அப்போதுதான் வெளியே சைரன் கேட்டது. மொன்றியலில் ஒரு குளிர்காலம் இருந்தவருக்குக்கூட அது என்னவென்று தெரியும். ஸ்னோ அள்ளும் வண்டிகள் வருகின்றன. ஏழு மணிக்குள் தெருவில் நிற்கும் கார்களை எடுக்காவிட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லண்டன் மேசைகளோ, அது மாப்பிள்ளை பெண் வருகைக்கு நாங்கள் ஏற்பாடு செய்த ஒலி என்று நினைத்து, வாசல் பக்கம் திரும்பிக் கைதட்டத் தொடங்கிவிட்டன.

"கை தட்டாதேங்கோ, ஓடுங்கோ," என்றேன் மைக்கில். "ரோட்டில கார் விட்ட ஆக்கள் எல்லாரும் ஓடுங்கோ. ஸ்னோ அள்ள வாறாங்கள். காரைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள். பேந்து எந்தத் தெருவில கொண்டுபோய் விட்டவங்கள் எண்டு விடியவிடியத் தேடவேணும்."

அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். செய்தி வாசிப்பவர் எப்போது இறங்கிப்போனார் என்று தெரியாது. ஈஸ்ட்ஹாம் கொஞ்சம், மொன்றியல் கொஞ்சம், அவசரத்தில் பிரெஞ்சு இரண்டு சொல், எல்லாம் கலந்து கொட்டியது. பட்டு வேட்டியோடு பத்துப் பதினைந்து பேர் வெண்பனிக்குள் பாய்ந்தார்கள்.

ஒரு காரும் போகவில்லை. மாப்பிள்ளையின் பெரிய மாமா வேட்டிக்கரையில் பனியோடு நேரே மேடைக்கு வந்தார். அருகில் சித்தப்பா நின்றார்.

"தம்பி, முதல் நீர் கதைச்சது எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. பேந்து கதைச்சது நல்ல விளக்கம்."

என் லண்டன் பட்டத்துக்கு இதுதான் முடிவு என்று தெரிந்தது. ஒப்புக்கொள்வதே மேல் என்று, "ஐயா, நானும் ஈஸ்ட்ஹாம்தான்," என்றேன்.

"சும்மா பகிடி விடாதையும். நீர் இந்த ஊர்ப் பிள்ளை. கேட்டாலே தெரியுது."

சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரோ என் தோளில் கையைப் போட்டு, "ஓம் ஓம், எங்கட மொன்றியல் பிள்ளை," என்றார். பதினோரு வருடப் பட்டத்தை ஒரு மூச்சில் கைவிட்டார் மனிதர். முகத்தில் துளி வருத்தமில்லை. அதைவிட ஆச்சரியம், எனக்கும் இல்லை. இறுக்கமான சப்பாத்தைக் கழற்றி விரல்களை அசைத்ததுபோல இருந்தது நாக்குக்கு.

மிச்ச மூன்று பக்கத்தையும் மடித்துக் கால்சட்டைப் பையில் செருகிவிட்டு, படமெடுக்க மேசை மேசையாக அழைக்கத் தொடங்கினேன்.

"இனி லண்டன் மேசைகள் வாங்கோ. கால் ஈரமான ஆக்கள் முதலில."

நாலு மேசையும் சிரித்தபடி எழுந்து வந்தன.